காற்றழுத்தம் குறைந்தால் மழை ஏன் வருகிறது?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றதும் மழையை எதிர்பார்க்கிறோமே, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

காற்றுக்கும் எடை உண்டு. கடல்மட்டத்தில் அதன் அழுத்தம் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோ எடை. ஓரிடத்தில் இது சுற்றுப்புறத்தைவிடக் குறையும்போது நாற்புறமிருந்தும் காற்று அங்கே விரைகிறது. புவிச் சுழற்சியால் நேராகச் செல்ல இயலாமல், வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழன்று குவிந்து, வேறு வழியின்றி மேலெழுகிறது.

மழையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. உயரே அழுத்தம் குறைவு என்பதால் மேலெழும் காற்று விரிவடைகிறது. அதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுவதால், நீராவி திரளத் தொடங்கும் வரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. பிறகு நீராவி நுண்துளிகளாகி மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் உயர்த்துவதால், வெதுவெதுப்பான கடலின்மேல் அழுத்தம் இன்னும் சரியக்கூடும். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் மையத்தில் அது 912 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது.

ஆனால் தாழ்வழுத்தம் என்றாலே மழை என்று கொள்ள வேண்டாம். கோடையில் தார் பாலைவனத்தின்மேலும் அழுத்தம் குறைகிறது, ஈரம் இல்லாததால் வானம் வெறிச்சோடியே கிடக்கிறது.