மாடி டிவியில் கணினி தெரியவில்லையே?

கேள்வி: கீழ்வீட்டுக் கணினியில் இருக்கும் கல்யாண வீடியோவை ஜெல்லிஃபின் (கணினியில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்) போட்டு மாடி டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மோடம் மாற்றியதிலிருந்து டிவியில் கணினியே தெரியவில்லை. ஏன்?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மோடம் மாறியதுதான் காரணம். புது வைஃபையை விண்டோஸ் பெரும்பாலும் ‘பப்ளிக்’ என்று வைத்துவிடும், அப்போது கணினியின் காவலாளியான ஃபயர்வால் டிவியை உள்ளே விடாது. செட்டிங்ஸில் அந்த வைஃபை பெயரைத் தட்டி ‘பிரைவேட்’ ஆக்குங்கள். கணினியின் ஐபி எண்ணும் (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி) மாறியிருக்கும். அங்கேயே கீழே பார்த்தால் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும், அதோடு ஜெல்லிஃபினின் வாசல் எண்ணான :8096 சேர்த்து டிவியில் கொடுங்கள். டிவி கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருந்தால் மட்டும் இதெல்லாம் பலிக்காது. அப்புறம், படம் திக்கினால் மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், பழைய வீட்டுக் கனமான சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டுவது கஷ்டம்.