உங்கள் மகள் எதில் தோற்றாள்?

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன் அம்மா. மகள் இந்த வருடமும் நீட்டில் ஜெயிக்கவில்லை என்கிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய மதிப்பெண் அட்டையைப் பார்த்தால் இரண்டு தடவையும் தகுதி பெற்றிருக்கிறாள். தகுதி பெற பொதுப் பிரிவுக்கு 50 பர்சன்டைல் (அதாவது, எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு மேலே இருக்கிறோம் என்ற கணக்கு), பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 40. அதைத் தாண்டினால் கலந்தாய்வுக்குப் போகலாம், அவ்வளவுதான். சீட் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது. இது வேறு, அது வேறு.

இந்தக் குழப்பத்துக்கு ‘ஜெயிக்கிறது’ என்ற ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் போடுவதும் ஒரு காரணம். கபடியில் ஒரு அணி ஜெயித்தால் இன்னொரு அணி தோற்றாக வேண்டும், தேர்தலும் வழக்கும் அப்படித்தான். பிளஸ் டூ தேர்ச்சியில் யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை, வகுப்பு முழுக்கத் தேறலாம். விருதை ‘பெற்றார்’ என்கிறோம், குலுக்கலில் பரிசு ‘விழுந்தது’ என்கிறோம். கோபத்தை வெல்வது, பிறர் மனதை வெல்வது இன்னொரு கணக்கு. அப்புறம், தேர்ச்சி என்றாலே பாஸ் ஆவது மட்டுமில்லை, ஒரு வேலையில் கைதேர்ந்திருப்பதும் தேர்ச்சிதான்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் வாகை. போர்க்களத்தில் ஜெயித்தவன் சூடும் பூ என்றுதான் பலரும் நினைக்கிறோம், ஆனால் தொல்காப்பியம் வெற்றியைப் பாடும் வாகைத் திணையை அரசனுக்கு மட்டும் வைக்கவில்லை, அவரவர் தம் துறையில் குற்றமில்லாமல் மேம்பட்டு நிற்பதையே வாகை என்கிறது. உங்கள் மகளை இந்தக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். உயிரியலில் அவளுக்கு நல்ல பிடிப்பு இருப்பது அந்த மதிப்பெண்ணிலேயே தெரிகிறது. எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்காததால் அந்தப் பிடிப்பு எங்கேயும் போய்விடாது.

சரி, இனி என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் படிப்புகளுக்கும், கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். கால்நடை மருத்துவத்தில் போட்டி கடுமை, அதனால் அதை மட்டும் நம்பி இருக்காமல் மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். மூன்றாவது தடவை நீட் எழுதுவதா என்பதை அவளே சொல்லட்டும். அவள் யோசித்து முடிக்கும்வரை பக்கத்து வீட்டுப் பையனுக்கு எங்கே சீட் கிடைத்தது என்ற பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள், அவளுடைய அப்பாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.