உங்களுக்குப் பிடித்த பெரிய எண் எது? ஏன்?

4294967295. பழக்கமானது ஒரு எரிச்சலில்தான். பல வருடம் முன்பு நான் எழுதிய சரக்கு இருப்பு நிரல், தீர்ந்துபோன ஒரு பொருள் 429 கோடியே சொச்சம் மூட்டை இருப்பதாகக் காட்டியது. பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டிருக்கிறேன். மைனஸ் எண்ணுக்கு இடமில்லாத 32 பிட் பெட்டி, பழைய மீட்டர் பின்னோக்கிச் சுற்றியதுபோல, தன்னால் கொள்ள முடிந்த மிகப் பெரிய எண்ணுக்குப் போய்விட்டது. பிழையைத் திருத்திவிட்டுச் சும்மா இருக்காமல் அந்த எண்ணைக் காரணிப்படுத்திப் பார்த்தேன்.

3 × 5 × 17 × 257 × 65537. ஐந்தும் பகா எண்கள். இடமிருந்து பெருக்கிக்கொண்டே போனால் 15, 255, 65535, அப்புறம் நம் எண். ஒவ்வொரு படியிலும் 2 கூட்டினால் அடுத்த காரணி கிடைக்கும்: 15க்கு 17, 255க்கு 257, 65535க்கு 65537. மாயம் ஒன்றுமில்லை. இது இரண்டின் 32ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பள்ளியில் படித்த வர்க்க வித்தியாசச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் தானாக உடையும்.

சரி, இன்னொரு 2 கூட்டினால்? 4294967297ம் பகா எண்தான் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அதை உடைத்துவிட்டார்: 641 × 6700417.

641ஐ எங்கே பிடித்தார் என்று மலைக்க வேண்டாம். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியை 64ஆல் வகுத்தாலும் மீதி 1தான் வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது! இதை நிறுவத் தேவையான தேற்றமே ஃபெர்மாவுடையதுதான், பாவம்.

பெரிய வகுத்தலே இல்லாமலும் சரிபார்க்கலாம். 641 என்பது 5 × 128 + 1. ஆகவே 5 × 128ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × (2இன் 28ஆம் அடுக்கு) என்பதன் மீதி 1. ஆனால் 641 என்பது 625 + 16ம் கூட. அதனால் 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2இன் 4ஆம் அடுக்கு. எனவே 2இன் 32ஆம் அடுக்கின் மீதி −1. ஒன்று கூட்டினால் மீதியே இல்லை. முதல் தடவை இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

இதே ஐந்து காரணிகள் வடிவியலிலும் வருகின்றன. ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்து ஒழுங்கான (பக்கங்களும் கோணங்களும் சமமான) 17 பக்க உருவம் வரையலாம் என்று 1796இல், 18 வயதில், ஜெர்மன் கணித மேதை காஸ் கண்டுபிடித்தார். இந்த ஐந்தில் எதையெதை, ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் எடுக்காமல், பெருக்கினாலும் அத்தனை பக்க உருவத்தை வரைய முடியும். இந்த வகையில் (2இன் ஏதோ ஓர் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது) ஆறாவது பகா எண் இன்னும் அகப்படாததால், வரையலாம் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்க உருவங்களில் மிகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. முயல்வதற்கு முன் ஒரு தகவல்: 65537 பக்க உருவத்துக்கு வழி எழுதவே ஹெர்மஸ் என்ற ஜெர்மானியருக்குப் பத்து வருடம் பிடித்தது.