ஓடுகிற நாய்க்கு நகம் தானாகத் தேய்ந்துவிடுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. கோத்தகிரி பக்கம் தேயிலைக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. இரண்டரை வயதில் ஒரு சிப்பிப்பாறை பெண் நாய் வளர்க்கிறேன், கூடவே ஒரு நாட்டு நாயும் இருக்கிறது. காலையில் நான் ஓடப் போகும்போது சிப்பிப்பாறையும் கூட வருவாள், தினமும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். இவ்வளவு ஓடுகிற நாய்க்கு நகம் தானாகவே தேய்ந்துவிடும், வெட்டவே வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் நடந்தால் தரையில் டக் டக்கென்று சத்தம் வருகிறது. போன மாதம் நானே வெட்டப் போய் ரத்தம் வந்துவிட்டது. அதிலிருந்து நக வெட்டியைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். நகம் எல்லாம் கறுப்பு, எதுவரை வெட்டுவது என்றும் தெரியவில்லை. முன்னங்காலில் மேலே தனியாக இருக்கும் ஒற்றை நகத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிடச் சொல்கிறார் ஒருவர். எடுக்கலாமா? நாட்டு நாய்க்கும் இதெல்லாம் வேண்டுமா?
ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வெட்டத்தான் வேண்டும் தம்பி. தானாகத் தேயும் என்று சொல்கிறவர்கள் மனசில் இருப்பது தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் நாளெல்லாம் திரிகிற நாய். உங்கள் சிப்பிப்பாறை ஓடுவது எங்கே? தேயிலைக் காட்டு மண் பாதையில், புல்லில், சில்வர் ஓக் சருகு மூடிக் கிடக்கிற தடத்தில். அங்கே ஆறு கிலோமீட்டர் என்ன, பதினாறு கிலோமீட்டர் ஓடினாலும் நகம் தேய உரசல் வேண்டுமே. அதுவும் கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் பாதையெல்லாம் சேறு, மாதக்கணக்கில் நகம் எதிலும் உரசாமல் வளர்ந்துகொண்டே போகும்.

அப்படியானால் ரோட்டில் ஓட விடலாமே என்று தோன்றும். வேண்டாம். பாதத்தில் நடுவில் இருக்கிற இரண்டு விரல்கள்தான் அதிக பாரம் தாங்கும், அதனால் ரோட்டில் ஓடினால் அந்த இரண்டு நகம் தேயும், ஓரத்து நகங்கள் அவ்வளவாகத் தேயாது, மேலே இருக்கும் ஒற்றை நகம் தேயாது என்றே சொல்லலாம். நகம் தேய்வதற்கு முன்பே உள்ளங்காலின் தோல் உரிந்துபோகும். கொண்டை ஊசி வளைவில் வருகிற வண்டிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஓடுகிற நாய்க்கு நகம் நீண்டால் வீட்டில் படுத்துக் கிடக்கிற நாயைவிடக் கஷ்டம் அதிகம், இதை யாரும் சொல்வதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நாயின் நகம் விரலின் கடைசி எலும்போடு சேர்ந்து இருக்கிறது. நகம் தரையைத் தொட்டால் ஒவ்வொரு அடிக்கும் தரை அதை மேலே தள்ளும், அந்தத் தள்ளல் விரல் மூட்டில் போய் இறங்கும். நாய் வலிக்கிறது என்று சொல்லாது, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கப் பழகிக்கொள்ளும், விரல்கள் விரிந்துபோகும். உங்கள் ஊரில் சமதளம் எங்கே இருக்கிறது? இறக்கத்தில் முழு வேகத்தில் வரும் நாய் முன்னங்கால் விரல்களை ஊன்றித்தான் பிரேக் போடும். நீண்ட நகம் அப்போது ஒரு வேரிலோ கல் இடுக்கிலோ மாட்டினால் நகம் பிளக்கும், அடியோடு பிய்ந்தும் வரும், விரலே பிசகவும் செய்யும். கவாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைச் சீவி விட்ட காட்டுக்குள் அவளை ஓட விடவே விடாதீர்கள், சீவிய குச்சியெல்லாம் ஈட்டி மாதிரி நிற்கும். இன்னொன்று, காட்டுமாடும் சிறுத்தையும் நடமாடுகிற இடத்தில் விடியற்காலையில் கயிறில்லாமல் ஓடுவது வேண்டாம். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அதற்காக ஒட்ட வெட்டிவிடவும் கூடாது. வளைந்து திரும்பும்போதும் ஏற்றத்தில் ஏறும்போதும் நகம்தான் மண்ணைக் கவ்வுகிறது. சமமான தரையில் அவள் நேராக நிற்கும்போது நகத்துக்கு அடியில் ஒரு காகிதம் தடையில்லாமல் நுழைந்து வந்தால் போதும், அதுதான் அளவு.

சரி, கறுப்பு நகத்தை எதுவரை வெட்டுவது? வெள்ளை நகம் என்றால் உள்ளே ரோஜா நிறத்தில் சதை தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, வெட்டிய முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் பாதத்தைத் திருப்பி நகத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனியில் கொக்கி மாதிரி வளைந்த பகுதியில் நடுவே ஒரு பள்ளம் ஓடும், பள்ளம் இருக்கும்வரை உள்ளே உயிர்ச்சதை இருக்காது, தைரியமாக எடுக்கலாம். அதைத் தாண்டியதும் ஒரு அரிசியின் தடிமனுக்கு மேல் ஒரு வெட்டில் எடுக்காதீர்கள். ஒரு சீவல் எடுத்ததும் முகத்தைப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி வெளிறி, காய்ந்து, பொடிப்பொடியாக இருக்கும். இன்னும் ஒரு சீவல். நடுவில் ஒரு சின்னப் புள்ளி, சாம்பல் நிறத்திலோ அடர் கறுப்பாகவோ, சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் ஈரமாக, பளபளப்பாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு அடுத்தது ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற சதைதான். போன மாதம் நீங்கள் அதைத்தான் வெட்டியிருக்கிறீர்கள். நிறையப் பேருக்கு நடப்பதுதான், அதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

நெடுநாள் வெட்டாத நகத்தில் அந்தச் சதையும் கூடவே நீண்டிருக்கும், அதனால் ஒரே நாளில் சரியான அளவுக்குக் கொண்டுவர முடியாது. புள்ளி தெரிகிற வரைக்கும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்தால் சதை தானாகப் பின்வாங்கும். கொஞ்ச வாரம் பிடிக்கும், அவசரப்பட்டால் ரத்தம்தான்.

இப்போது முக்கியமான விஷயம், அவளுடைய பயம். நான்கு காலிலும் நான்கு நான்கு, முன்னங்கால் ஒற்றை நகம் இரண்டு, மொத்தம் 18 நகம். இந்தப் பதினெட்டையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்கிறார்களே, அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு நகம் மட்டும் வெட்டுங்கள். ஒன்பது நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும், பத்தாவது நாள் முதல் நகத்துக்குத் திரும்ப வந்துவிடலாம். வேலை இரண்டு நிமிடம்கூட ஆகாது, அவளுக்கும் பயந்து நடுங்க நேரம் இருக்காது.

ஆனால் கட்டிலுக்கு அடியில் போகிற நாயிடம் இன்றைக்கே வெட்டத் தொடங்க வேண்டாம். முதல் சில நாள் நக வெட்டியை அவள் சாப்பிடுகிற இடத்தில் சும்மா வைத்துவிடுங்கள். அப்புறம் அதைக் கையில் எடுத்ததும் வேகவைத்த கோழியில் ஒரு துண்டு, கீழே வைத்ததும் ஒன்றும் கிடையாது. அப்புறம் பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு, நகத்தில் கருவியை லேசாகத் தொட்டு ஒரு துண்டு, வெட்டுகிற சத்தம் கேட்க ஒரு ஈர்க்குச்சியை நறுக்கிவிட்டு ஒரு துண்டு. அவளாக முகத்தை நீட்டி வருகிற அன்றைக்கு ஒரே ஒரு நகம். அவள் காலை இழுத்தால் விட்டுவிடுங்கள், இழுத்தால் விடுவார்கள் என்று தெரிந்த நாய்தான் இழுப்பதைக் குறைக்கும். கோழி இல்லாவிட்டால் ஒரு தட்டில் கெட்டித் தயிரைத் தடவி நக்கக் கொடுக்கலாம். வீட்டில் இருக்கிறதே என்று ஊட்டி சாக்லேட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், திராட்சையும் கூடாது, இரண்டுமே நாய்க்கு விஷம். வர்க்கியும் வேண்டாம், மைதாவும் கொழுப்பும் ஓடுகிற நாய்க்கு எதற்கு?

காலைப் பிடிக்கும் விதமும் முக்கியம். நம்மில் பலர் நாயின் முன்னங்காலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிறோம், நாயின் தோள் அந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்பாது, வெட்டு படுவதற்கு முன்பே அதற்கு வலிக்க ஆரம்பித்துவிடும். ஊட்டியில் குதிரைக்கு லாடம் கட்டுகிறவர் காலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி அவளை நிற்க வைத்து, காலை உடம்புக்கு நேர்கீழே வைத்துப் பின்னால் மடக்குங்கள். நகத்தின் அடிப்பக்கம் உங்களுக்கு நன்றாகத் தெரியும், வெட்டுகிற கருவி அவள் கண்ணில் படாது.

மனிதருக்கான நக வெட்டி வேண்டாம், அது நாய் நகத்தை இரு பக்கமும் நசுக்கிப் பிளந்துவிடும். நாய்க்கென்று விற்கிற கத்தரி வகை வாங்குங்கள், முனை மழுங்கினால் மாற்றிவிடுங்கள். பேட்டரியில் ஓடுகிற நகம் தேய்க்கும் மெஷினும் நல்லதுதான், ஒரே இடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் சூடேறிச் சுடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மழையில் நனைந்து வந்த நாளிலோ குளிப்பாட்டிய பிறகோ நகம் இளகியிருக்கும், வெட்ட அதுவே நல்ல நேரம். விரல் இடுக்குச் சேற்றை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் ஒற்றி, அட்டை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வெட்டுங்கள். டிசம்பர், ஜனவரிப் பனியில் நகம் காய்ந்து எளிதில் பிளக்கும், அப்போது கொஞ்ச நேரம் வெந்நீர்த் துணியால் சுற்றி வைத்துவிட்டு வெட்டலாம்.

எந்த நாளிலும் ஓட்டம் முடிந்து வந்த பிறகு வெட்டுங்கள், ஓடப் போகும் முன்னால் வேண்டாம். தப்பித்தவறி ரத்தம் வந்தால் படிகாரப் பொடியோ சோளமாவோ நுனியில் அழுத்தி ஐந்து நிமிடம் விடாமல் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. அதற்காகப் பொடியை முதலிலேயே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இருபது நிமிடம் கழித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். ரத்தம் வந்த நகம் ஆறும்வரை ஓரிரு நாள் சேற்றிலும் கல்லிலும் ஓட விடாதீர்கள். வலிக்குமே என்று நாம் சாப்பிடுகிற மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது, பாராசிட்டமால்கூடக் கூடாது. மயக்கம் தேவைப்படுகிற அளவுக்குப் பயந்த நாய் என்றால் அதைக் கால்நடை மருத்துவர் பார்த்துக்கொள்வார். இந்தப் போராட்டத்தில் உங்களைக் கடித்துவிட்டால், வளர்த்த நாய்தானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கருவியைப் பார்த்தாலே நடுங்குகிறாள் என்றால் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வேறொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒன்றரை அடி நீளப் பலகையில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தீனியைப் பலகைக்கு அடியில் மறைத்தால் அவள் முன்னங்காலால் பிறாண்டுவாள், பிறாண்டியதும் தீனி. சிப்பிப்பாறை கெட்டிக்காரி, சீக்கிரமே பலகையைப் பார்த்ததும் தானே வந்து தேய்ப்பாள். முன்னங்கால் நகங்களுக்குப் பெரும்பாலும் இது போதும், ஓரத்து நகங்களும் தேய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் உந்தித் தள்ளுகிற கால், அங்கே நகம் ஓரளவு தானாகவே தேயும்.

அந்த மேல் ஒற்றை நகம் பலகையில் தேயாது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும், விட்டால் வட்டமாக வளைந்து சதைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். ஆனால் ஆபரேஷன் செய்து எடுப்பது வேண்டவே வேண்டாம். நாய் நிற்கும்போது அது எதற்கும் உதவாத மாதிரிதான் தெரியும், முழு வேகத்தில் ஓடும்போது முன்னங்கால் மணிக்கட்டு தரையை ஒட்டும் அளவுக்கு மடங்கும், அப்போது அந்த விரலும் தரையைத் தொட்டு, திரும்பும்போது பிடிப்புக் கொடுக்கும். உள்ளே எலும்பு, தசைநார் எல்லாம் இருக்கிற விரல் அது. அடிக்கடி பிய்ந்து புண்ணானாலோ கட்டி வந்தாலோ மட்டும்தான் எடுக்க வேண்டிய பேச்சு வரும், அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

காயம் எதுவும் படாமலே அடுத்தடுத்து இரண்டு மூன்று நகம் பிளந்தாலோ கழன்றாலோ, நகத்தின் அடி வீங்கி, அவள் பாதத்தை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், உள்ளே வேறு நோய் இருக்கலாம்.

நாட்டு நாய் ரோடும் வாசலுமாகத் திரிகிறது என்றால் அதற்குக் கீழ் நகங்களைப் பெரும்பாலும் வெட்ட வேண்டி வராது. மாதம் ஒருமுறை மேல் நகம் இரண்டையும் மட்டும் பாருங்கள், பின்னங்காலிலும் அப்படி ஒரு நகம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், சில நாய்களுக்கு இருக்கும்.