வெள்ளி மையும் பாலாற்று உப்பும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வாலாஜாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். காகிதத்தில் அச்சிடக்கூடிய மின்கடத்து மைக்காக வெள்ளி நானோ துகள் தயாரிப்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். முதல் முறை, வெள்ளி நைட்ரேட்டைக் கேன் தண்ணீரில் கரைத்தபோதே பால் போலக் கலங்கி, ஜன்னலோரம் வைத்ததும் ஊதா கலந்த சாம்பல் நிறமாகிப் படிந்துவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் காக்கும் நிலைப்படுத்தி சேர்க்காததுதான் காரணம் என்று எண்ணி, அடுத்த முறை வடிநீரில் பாலிவினைல் பைரோலிடோன் என்னும் பாலிமரைத் தாராளமாகச் சேர்த்தேன். வெள்ளி அயனியை உலோகமாக்கும் போரோஹைட்ரைடின் 2 மில்லிமோலார் (லிட்டருக்கு 2 மில்லிமோல்) கரைசல் 30 மில்லிலிட்டரில், 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 10 மில்லிலிட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அழகான மஞ்சள் நிறம் வந்தது. பத்து நாளாகியும் மாறவில்லை. ஆனால் அதைக்கொண்டு காகிதத்தில் இழுத்த கோடு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்த பிறகும் மின்சாரத்தைக் கடத்தவில்லை. துகளைக் காக்கும் நிலைப்படுத்தியே மின்சாரத்தைத் தடுக்கிறதா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் இரண்டு தோல்விகளுக்கும் காரணம் வேறு வேறு. முதலாவதில் நிலைப்படுத்திக்குப் பங்கே இல்லை. அந்தப் பால் நிறம் வெள்ளி குளோரைடு. வெளிச்சம் பட்டு ஊதாவாக மாறியதே அதற்குச் சான்று. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளில் பச்சைத் தோல் கெடாமலிருக்க இட்ட உப்பு, ஊறவைத்துக் கழுவிய நீரோடு பல பத்தாண்டுகளாக வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை நிலத்தில் இறங்கியிருப்பது நம் பக்கத்தில் யாரும் அறியாததல்ல. அந்தக் கிணற்று நீரின் குளோரைடை அளக்க, பொட்டாசியம் குரோமேட் இட்டுச் செங்கல் சிவப்பு வரும்வரை பியூரெட்டிலிருந்து நாம் விடுவதும் இதே வெள்ளி நைட்ரேட்தான். கேன் தண்ணீர் உப்பு குறைக்கப்பட்ட நீரே தவிர, குளோரைடு அற்ற நீர் அன்று. குடிநீரில் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 7 மில்லிமோல்; அதில் ஏழில் ஒரு பங்கு இருந்தாலே 1 மில்லிமோலார் கரைசலிலுள்ள வெள்ளி முழுவதையும் பிடித்துக்கொள்ளப் போதும்.

என் ஆய்வு நாட்களில் இரண்டு வாரம் இதே கலங்கலோடு போராடியிருக்கிறேன். வடிநீரைத்தான் பயன்படுத்தினேன், ஆனால் அளவுக் குடுவையைக் கடைசியாகக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன், அதன் உள்சுவரில் காய்ந்த உப்பே குற்றவாளி. அதன்பின், கழுவிய கடைசி நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்டை விட்டுக் கறுப்புத் துணியின் எதிரே தூக்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. புகைபோல ஒரு இழை தெரிந்தாலும் மறுபடி கழுவ வேண்டும்.

இனி மஞ்சள் கரைசலுக்கு வருவோம். 1 மில்லிமோலார் கரைசல் 10 மில்லிலிட்டரில் உள்ள வெள்ளி 1 மில்லிகிராமுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அச்சு மைக்கு எடையில் ஐந்தில் ஒரு பங்காவது வெள்ளி இருப்பது நல்லது; அப்படி ஒரே ஒரு கிராம் மை வேண்டுமென்றால் நீங்கள் செய்ததைப் போல ஏறத்தாழ 185 முறை செய்தாக வேண்டும். ஆகவே உங்கள் கோட்டில் துகள்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. நிறம் கண்டு ஏமாற வேண்டாம். நானோ வெள்ளி மிகச் சிறிய அளவிலேயே கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தந்துவிடும்.

உங்கள் சந்தேகமும் சரியானதே. பாலிமர் உறை துகளுக்கும் துகளுக்கும் நடுவே மின்காப்பாக நிற்கிறது. வெள்ளி உருக 962 பாகை செல்சியஸ் வேண்டும்; நானோ அளவில் மேற்பரப்பு மிகுதியாக இருப்பதால் துகள்கள் 150, 200 பாகையிலேயே கழுத்துக் கழுத்தாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் உறை விலகினால்தான். தாராளமாக இட்ட பாலிவினைல் பைரோலிடோனை எரித்து நீக்கும் சூட்டைக் காகிதம் தாங்காது. இஸ்திரிப் பெட்டி காகிதத்தைப் பழுப்பாக்குவதோடு நின்றுவிடும். புட்டியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்து, காகிதத்தில் கைவிட்டுவிடும் நிலைப்படுத்திதான் மைக்குத் தேவை. இந்தத் துறையின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இங்கே உங்களுக்குக் கேடு செய்த அதே உப்பு திரும்பி வருகிறது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஷ்லோமோ மக்தாசி குழுவினர், பாலிஅக்ரிலிக் அமிலத்தால் நிலைப்படுத்திய வெள்ளி மையில் சிறிதளவு சோடியம் குளோரைடைச் சேர்த்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மை நீர்த்திருக்கும்வரை அந்த உப்பால் தீங்கில்லை. அச்சிட்ட கோடு உலர உலர உப்பின் செறிவு ஏறி, குளோரைடு அயனிகள் நிலைப்படுத்தியைத் துகளின் மேற்பரப்பிலிருந்து பெயர்த்துவிட, துகள்கள் அறை வெப்பத்திலேயே இணைந்தன. கட்டி வெள்ளியின் (துகளாக இல்லாத முழு உலோகத்தின்) கடத்துதிறனில் 41 விழுக்காடு கிடைத்தது. உங்கள் குடுவையில் குளோரைடு சந்தித்தது வெள்ளி அயனியை, அதனால் வீழ்படிவு. அவர்களின் மையில் அது சந்தித்தது உலோகமாகிவிட்ட வெள்ளியை. உப்பு எப்போது வந்து சேர்கிறது என்பதே வேறுபாடு.

எனவே ஆய்வேட்டைக் கைவிட வேண்டாம். பாலிஅக்ரிலிக் அமிலத்துக்கு மாறி, செறிவான கரைசலில் தயாரியுங்கள். பின்னர் அமிலத்தன்மையைக் கூட்டித் துகள்களைத் திரளச் செய்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மிகுதியான பாலிமரைக் கழுவிவிட்டு, சிறிது காரம் சேர்த்து மறுபடி கலைத்துவிடலாம். அமிலமாக நைட்ரிக்கையே எடுங்கள். ஹைட்ரோகுளோரிக்கை எடுத்தால் குளோரைடை நீங்களே உள்ளே விட்டதாகிவிடும். அச்சுப்பொறி வாங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, தூரிகையே போதும். இரண்டு கோடுகள் இழுத்து, உலர்ந்ததும் ஒன்றின்மேல் மட்டும் நீர்த்த உப்புக் கரைசலைத் தடவி, இரண்டின் மின்தடையையும் அளந்து எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய வெண்படிவு வெள்ளி குளோரைடுதானா என்று அம்மோனியாவில் கரைத்துப் பார்ப்பதானால், அந்தக் கரைசலை ஒரு நாளும் மூடி வைக்காதீர்கள்; நின்றால் வெடிக்கக்கூடிய பொருள் அதில் உருவாகும். பார்த்த உடனே நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றிவிட வேண்டும். மற்ற வெள்ளிக் கழிவுநீரையும் தொட்டியில் கொட்டாமல் ஒரு வாளியில் சேர்த்து, ஒரு பிடி சமையல் உப்பைப் போடுங்கள். கரைசலில் மிஞ்சிய வெள்ளி அயனி குளோரைடாக அடியில் தங்கிவிடும். மஞ்சள் துகள்களும் உப்பில் திரண்டு அதோடு படியும். தெளிந்த மேல்நீரை இறுத்துவிட்டு, படிவைக் கறுப்புப் புட்டியில் சேர்த்து ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.