“இதுக்கு எதுக்கு இன்னொரு படம்?”

கேள்வி: பேர்பெற்ற பேய்ப் படங்களின் இரண்டாம் பாகங்கள் பெரும்பாலும் ஏன் ஏமாற்றத்தில் முடிகின்றன?

2005இல் ‘சந்திரமுகி’ வந்தபோது எனக்குப் பதினேழு வயது. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் – அப்போது இரண்டு வீடுகளில்தான் டிவி. டவுனில் சீடி வாடகைக்கு எடுத்து வந்து மாமா வீட்டில் போட்டோம். உள்ளே இடமில்லாமல் வாசல் இஸ்தோப்பு வரைக்கும் ஆட்கள். வெளியே மழையும் பனியும். படம் முடிந்த பிறகு எந்தப் பெண்ணும் தனியாகத் தண்ணீர்ப் பீலிக்குப் போகவில்லை. கொழுந்து பறிக்கும் மலையில் ஒரு வாரம் அதே பேச்சு: படத்தில் வரும் கங்காவைப் பிடித்தது நோயா, பேயா?

எங்கள் அம்மாயி பேய்தான் என்றார். டாக்டராக வரும் ரஜினி கடைசியில் அத்தனை விளக்கம் கொடுத்தும் அவர் மசியவில்லை. சின்னம்மாவோ நோய் என்று பிடிவாதமாக நின்றார். அதற்குப் பிறகு டிவியில் எப்போது அந்தப் படம் போட்டாலும் இருவருக்கும் வாக்குவாதம் வந்துவிடும். பதினெட்டு வருடம் இது ஓடியது.

2023இல் இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தை எடுத்த அதே பி. வாசுதான் இயக்குநர். சில மாதங்கள் கழித்து, அதே மாமா வீட்டில், கிட்டத்தட்ட அதே ஆட்கள் உட்கார்ந்து பார்த்தோம். இந்த முறை சந்திரமுகி உண்மையிலேயே ஆவியாக வந்து ஒரு பெண்ணின் உடம்பில் இறங்குகிறாள். அப்படியென்றால் அம்மாயி ஜெயித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். “இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேனே. இதுக்கு எதுக்கு இன்னொரு படம்?” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அதுதான். மிச்சத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எங்கள் லயத்து ஆட்களுக்கு அந்தப் படம் அப்படி ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பக்கத்து லயத்து அக்கா ஒருவர் திடீரென்று வேறு குரலில் பேச ஆரம்பித்தார். பகலில் அவரைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார்கள். இரவில் பேயோட்டும் கோடாங்கி வந்து உடுக்கடித்தார். இரண்டு வைத்தியமும் ஒரே வாரத்தில் நடந்தது. அக்கா சரியாகிவிட்டார். எதனால் சரியானார் என்று இன்றுவரை யாருக்கும் முடிவாகத் தெரியாது. மருந்து என்பவர்களும் இருக்கிறார்கள், கோடாங்கி என்பவர்களும் இருக்கிறார்கள். மலைநாட்டில் இப்படி ஒரு கதை இல்லாத தோட்டம் இருக்காது என்றே நினைக்கிறேன். ‘சந்திரமுகி’யும் அதன் மூலமான மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படமும் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கின்றன. மனநல மருத்துவரும் மந்திரவாதியும் சேர்ந்துதான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறார்கள். ஆளுக்குப் பதில் ஒரு பொம்மையைப் பலியாக்கிப் பழிதீர்ந்ததாக அவளை நம்பவைக்கிறார்கள். அது சிகிச்சையா, பேயோட்டலா? எப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

நல்ல பேய்ப் படம் நம்மை நம்புவதற்கும் நம்பாததற்கும் நடுவிலேயே நிறுத்தி வைக்கிறது. பயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் பாகம் தொடங்கும்போதே அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம். பேய் உண்டு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இனி அந்தப் பேய் என்ன செய்யும் என்பதுதான் கதை. அது திகிலாக இருக்காது, சண்டைப் படமாகிவிடும்.

‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தை நான் வேலைக்குப் போன பிறகு, இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் பார்த்தேன். 1973இல் வந்த படம், வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கியது. பேய் பிடித்த சிறுமியின் கட்டில் ஆடும் காட்சிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது ஆஸ்பத்திரிக் காட்சிகள்தான். அந்தக் குழந்தையின் கழுத்தில் ஊசி ஏற்றிப் படம் எடுக்கிறார்கள், ஒரு பரிசோதனை மாற்றி இன்னொன்று செய்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. தாய்க்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கடைசியில் பேயோட்டிப் பார்க்கலாமே என்று சொல்வதே மருத்துவர்கள்தான். பேய் என்று நம்புகிறவளுக்குப் பேயோட்டினால் மனசு தெளியலாம் என்பது அவர்கள் கணக்கு. வரும் பாதிரியாரில் ஒருவர் மனநல மருத்துவரும்கூட, சொந்த விசுவாசமே ஆட்டம் கண்டிருப்பவர். டிஸ்பென்சரிக்கும் கோடாங்கிக்கும் நடுவில் ஓடிய, பக்கத்து லயத்து அக்காவின் தாயைத்தான் நான் அந்தப் படத்தில் பார்த்தேன். அமெரிக்காவில் எடுத்த படம் என்ற நினைப்பே வரவில்லை.

1977இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் ஃப்ரீட்கினும் இல்லை, கதாசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டியும் இல்லை. ஜான் பூர்மன் இயக்கினார். இரண்டு பேரின் மனங்களை ஒன்றாக இணைக்க விளக்கு மின்னும் ஒரு மெஷின், ஆப்பிரிக்கா, வெட்டுக்கிளிக் கூட்டம் என்று கதை எங்கெங்கோ போகிறது. பேய் எங்கிருந்து வந்தது, ஏன் அந்தச் சிறுமியைத் தேர்ந்தெடுத்தது என்று காரணம் சொல்லப் பார்க்கிறது. தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூர்மன் அதைத் திரும்ப வெட்டிச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. முதல் படம் வந்து ஐம்பது வருடம் கழித்து 2023இலும் ஒரு தொடர்ச்சி வந்தது. அதில் ஒரு சிறுமிக்குப் பதில் இரண்டு சிறுமிகளுக்குப் பேய் பிடிக்கிறது. பயம் எண்ணிக்கையில் கூடும் பொருள் இல்லை. தொடர்ந்து வருவதாக இருந்த அடுத்த படத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ (1999) கதை இதைவிட வருத்தமானது. காட்டில் காணாமல் போன மூன்று மாணவர்கள் விட்டுச்சென்ற வீடியோ இது என்று சொல்லிக் காட்டினார்கள். காணவில்லை என்று நோட்டீஸ்கூட அடித்தார்கள். மிகச் சொற்பக் காசில் எடுத்த படம் உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பார்த்தவர்களில் பலர் உண்மை என்றே நம்பினார்கள், நம்பாதவர்களுக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. அடுத்த வருடமே இரண்டாம் பாகம் வந்தது. அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முதல் பாகம் வெறும் படம்தான், அதைப் பார்த்த ரசிகர்கள் அந்தக் காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று தொடங்குகிறது. ஜனங்கள் எதை நம்பி நடுங்கினார்களோ அதை முதல் காட்சியிலேயே பிடுங்கிவிட்டார்கள். போதாததற்கு இயக்குநர் முடித்துக் கொடுத்த படத்தில் தயாரிப்பு நிறுவனம் ரத்தக் காட்சிகளைச் செருகியது.

‘ஹாலோவீன்’ (1978) படத்தில் முகமூடி போட்டவன் அந்தப் பெண்ணை ஏன் துரத்துகிறான் என்பதற்குக் காரணமே கிடையாது. அதுதான் பயம். யாராக இருந்தாலும் துரத்தியிருப்பான், நீங்களாகவும் இருக்கலாம். 1981இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் அவனுடைய தங்கை என்று சொல்லிவிட்டார்கள். அத்தோடு அது ஒரு குடும்ப விவகாரம். பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்ப்பதுபோல் நாம் தள்ளி நின்று பார்க்கலாம். அதை எழுதியவர்களில் முதல் படத்தை இயக்கிய ஜான் கார்ப்பென்டரும் ஒருவர் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். 2018இல் அதே தொடரை மீண்டும் எடுத்தவர்கள் அந்தத் தங்கை உறவைத் தூக்கிப் போட்டார்கள்.

இந்த இடத்தில் சிலர், “முதல் படம் பார்த்தபோது நாம் சின்னப் பிள்ளைகள். இப்போது வயசாகிவிட்டது, அதனால்தான் பயம் வரவில்லை” என்பார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். ஜப்பானில் நடந்த ஒரு விஷயத்தைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன். டிவிக்குள்ளிருந்து நீளக்கூந்தல் பெண் ஊர்ந்து வெளியே வரும் ‘ரிங்’ படம் 1998 ஜனவரி 31ஆம் தேதி வெளியானது. அதன் தொடர்ச்சியான ‘ரசென்’ என்ற படமும் அன்றைக்கே வெளியானது. இரண்டையும் ஒன்றாகத்தான் திரையிட்டார்கள். வயது மாற ஒரு நாள்கூட இல்லை. அப்படியும் ‘ரிங்’ பெரிய வெற்றி, ‘ரசென்’ எடுபடவில்லை. ‘ரசென்’ என்ன செய்தது என்று பாருங்கள். பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் ஒருவரைக் கொண்டுவந்து, சாபத்தை வைரஸ் என்றும் மரபணு என்றும் விளக்கியது. இத்தனைக்கும் அது மூலநாவலாசிரியர் எழுதிய அடுத்த நாவலை ஒட்டிய கதைதான், யாரும் இஷ்டத்துக்கு மாற்றவில்லை. கடைசியில் ‘ரசென்’ என்று ஒரு படம் வந்ததையே கணக்கில் எடுக்காமல், ‘ரிங்’ இயக்குநர் ஹிடேயோ நகாத்தாவை வைத்து அடுத்த வருடம் வேறொரு இரண்டாம் பாகம் எடுத்தார்கள்.

எங்கள் ஊரில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது. பழைய மஸ்கெலியா டவுன் அதற்கு அடியில்தான் கிடக்கிறது. மழை பொய்த்து நீர் இறங்கும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரியும். முதலில் கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்த நாட்களில் பஸ்ஸில் போகும்போது எல்லோரும் அந்தப் பக்கமே பார்ப்பார்கள், பேச்சு நின்றுவிடும். எனக்கு உடம்பு சிலிர்க்கும். நீர் இன்னும் இறங்கிச் சேறும் காய்ந்துவிட்டால் குடும்பம் குடும்பமாக இறங்கி நடந்து போட்டோ எடுப்பார்கள். நானும் போயிருக்கிறேன். பழைய சுவர், பழைய படி. பார்க்க அழகாக இருந்தது, மனசு கனத்தது, ஆனால் அந்தச் சிலிர்ப்பு வரவே இல்லை.

அம்மாயிக்கு இது நன்றாகத் தெரியும். பழைய ஸ்டோரில் – தேயிலை ஃபேக்டரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் – ரோதை முனி காவல் இருப்பதாகச் சின்ன வயதில் கதை சொல்வார். மெஷின் எல்லாம் நிறுத்தி, காவல்காரரும் பூட்டிக்கொண்டு போன பிறகு, நடுச்சாமத்தில் உள்ளே ரோதை, அதாவது மெஷின் சக்கரம், சுற்றும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் கதை. “அப்புறம்? யாரு சுத்துனது?” என்று கேட்டால், “அப்புறம் மழை வந்திருச்சு. போய்ப் படு” என்பார். மறுநாள் எத்தனை கெஞ்சினாலும் மேலே ஒரு வார்த்தை வராது. நாற்பதை நெருங்கும் வயதிலும் அந்த ஸ்டோர் வழியாக இரவில் நடக்கும்போது என் காது தானாக விறைக்கிறது.

பண ஆசை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பணத்துக்காக எடுத்த முதல் பாகங்களும் நன்றாக வந்திருக்கின்றன, அதனால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வரிசைப் படங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே ஜனங்கள் சிரிக்கவும் பிள்ளைகளோடு சேர்ந்து கத்தவும் போகிறார்கள். நான்காம் பாகத்திலும் அது கிடைக்கிறது, ஏமாற்றம் ஒன்றுமில்லை.

நன்றாக வந்த தொடர்ச்சிகளும் உண்டு. ‘ஏலியன்ஸ்’ (1986) முதல் படத்தின் பயத்தைத் திரும்பக் கொண்டுவர முயலவே இல்லை, நேரே போர்ப் படமாக மாறிக்கொண்டது. தமிழில் ‘டிமான்டி காலனி’ 2015இல் வந்தது. ஒன்பது வருடம் கழித்து அஜய் ஞானமுத்துவே இரண்டாம் பாகத்தையும் எடுத்தார். முதல் படத்தில் நாம் முடிந்ததாக நினைத்ததையே மறுபடி சந்தேகப்பட வைத்தார், எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஒரே ஒரு தொடர்ச்சியைப் பாருங்கள் என்று சொல்லச் சொன்னால் ‘எக்ஸார்சிஸ்ட்’ மூன்றாம் பாகத்தைத்தான் (1990) சொல்வேன். பிளாட்டியே தன் ‘லீஜியன்’ நாவலை வைத்து இயக்கியது. அதில் ஆஸ்பத்திரி நடைபாதை ஒன்றில் இரவு வேலையில் இருக்கும் ஒரு நர்ஸ். கேமரா தூரத்தில் நிற்கிறது, நீண்ட நேரம் அசைவதே இல்லை. அவள் எழுந்து போகிறாள், வருகிறாள், ஒரு அறைக்குள் எட்டிப் பார்க்கிறாள், பூட்டுகிறாள். ஒன்றும் நடக்கவில்லை. நேரம் போகிறது. காட்சி எப்படி முடிகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. பிளாட்டி எடுத்து முடித்த படத்தில் பேயோட்டும் சடங்கே இல்லை. ‘எக்ஸார்சிஸ்ட்’ என்று பெயர் வைத்துவிட்டுச் சடங்கு இல்லாமல் எப்படி என்று ஸ்டூடியோ பிடிவாதம் பிடித்ததால், ஒரு பாதிரியாரைப் புதிதாகச் சேர்த்து முடிவைத் திரும்ப எடுத்தார்கள். அந்த ஒட்டு நன்றாகவே தெரியும். கடைசிச் சடங்கு தொடங்கும்போது டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.