"எதுவரைக்கும், கர்த்தாவே?" – துன்பமும் விசுவாசமும்: கேள்வி பதில்

வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். கத்தோலிக்கர்கள் ‘சங்கீதம்’ என்று வரும் இடத்தில் ‘திருப்பாடல்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." மார்ச்சில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அட்டை இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. கிழிக்கவும் பயம், பார்க்கவும் முடியவில்லை. (நாசரேத்திலிருந்து ஒரு சகோதரி)

பதில்: அம்மா, முதலில் அந்த அட்டையை எடுத்து ஒரு பழைய நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. வசனம் வேதத்தில் உள்ளதுதான். ஆனால் அது உங்கள் கைக்கு வந்த விதம், தட்டில் கலைத்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்த விதம்தான். அந்த ஒரு வீட்டுக்கு, அந்த ஒரு வருஷத்துக்கு என்று யாரும் எழுதி அனுப்பவில்லை.

அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் இன்னொன்று தெரியும். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. 11ஆம் வசனத்துக்கு ஒரு வரி முன்னால், 10ஆம் வசனத்தில், "எழுபது வருஷம்" என்று இருக்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களுக்குத்தான் "வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள்" என்று 5ஆம் வசனம் சொல்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். அவனைத்தான் கர்த்தர் அனுப்பவில்லை, அவன் ஜனங்களைப் பொய்யை நம்பச் செய்தான் என்கிறது வேதம். துக்கத்தைச் சுருக்கிச் சொன்னது அவன்.

உங்கள் விசுவாசம் குறைந்ததால்தான் வாக்குத்தத்தம் பலிக்கவில்லை என்று யாராவது சொன்னால், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 91ஆம் சங்கீதத்தின் பாதுகாப்பு வசனத்தைத் தனியே பிய்த்தெடுத்து, "குதியும், ஒன்றும் ஆகாது" என்று இயேசுவிடம் சொன்னது பிசாசு (மத்தேயு 4:6). வசனம் சரியானதுதான். எடுத்தாண்ட விதம்தான் தப்பு.

கேள்வி: தேவன்மேல் கோபப்பட்டு ஜெபித்தால் பாவமா?

பதில்: இல்லை. சங்கீதப் புத்தகத்தில் முறையீட்டுப் பாடல்களே அதிகம். 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. என்னை மறந்துவிட்டீர், முகத்தை மறைக்கிறீர் என்று நேரடியாகக் குற்றஞ்சாட்டுகிறது. மூன்றாவது, நான்காவது வசனங்கள் வேண்டுதல். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை.

இதே அமைப்பில் நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு தாள் போதும். முதலில் யாரிடம் பேசுகிறீர்கள் என்று கூப்பிட்டு ஒரு வரி. அடுத்து நடந்தது என்ன என்பதை மழுப்பாமல் எழுதுங்கள். "கஷ்டங்களை நீர் அறிவீர்" என்று எழுதாதீர்கள், "ஸ்கேன் ரிப்போர்ட்டை மூன்றாவது முறை மாற்றிச் சொன்னார்கள்" என்று எழுதுங்கள். பிறகு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கேட்பு. நம்பிக்கை வரிக்கு இடத்தைக் காலியாக விடுங்கள். வந்தால் எழுதலாம்.

எங்கே தப்பாகிறது என்றால், முதல் வரியிலேயே ஸ்தோத்திரத்துக்குத் தாவிவிடுவதில். சபையில் சாட்சி சொல்லிப் பழகிய வாய் அப்படித்தான் போகும். அந்தக் காலி இடம் உறுத்தினால் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். பதினெட்டு வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்ற முதல் அழைப்பு மட்டுமே வெளிச்சம். முடிவு இருட்டில்தான். அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டு அடக்கத்தில் பெரியம்மா ஒப்பாரி வைத்தார்கள். "நம்பிக்கையற்றவர்களைப்போல அழக்கூடாது" என்று சபை மூப்பர் நிறுத்திவிட்டார். வேதத்தில் அப்படியா இருக்கிறது?

பதில்: 1 தெசலோனிக்கேயர் 4:13ஐ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அந்த வசனம் நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்கிறதே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை அடக்கம்பண்ணின தேவபக்தியுள்ள மனுஷர் "மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" (அப்போஸ்தலர் 8:2). எரேமியா 9:17இல் கர்த்தரே புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்கிறார். அவர்கள் நம் ஊர் ஒப்பாரிக்காரிகளைப் போலத் தொழிலாகவே அழத் தெரிந்த பெண்கள்.

இன்னும் ஒன்று. புலம்பல் புத்தகம் ஐந்து அதிகாரம். 1, 2, 4 ஆகிய மூன்றும் எபிரெய அகரவரிசையில், 22 எழுத்துக்கு 22 வசனமாகக் கட்டப்பட்டவை. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வீதம் 66 வசனம். ஆத்திசூடியில் அகரவரிசை பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டு உடனே பிடிபடும். எரிந்துபோன எருசலேமைப் பார்த்து அழுதவன் எழுத்தெழுத்தாக அழுதிருக்கிறான். ஐந்தாவது அதிகாரத்திலும் 22 வசனம்தான், ஆனால் அகரவரிசை குலைந்துவிடுகிறது. பெரியம்மாவை அழவிட்டிருக்கலாம்.

கேள்வி: அண்ணா, கல்லூரியில் நண்பர்கள் கேட்கிறார்கள்: கடவுள் நல்லவர், சர்வ வல்லவர் என்றால் தீமை ஏன்? ஒன்று அவரால் முடியாது, அல்லது அவருக்கு மனமில்லை. இதற்குப் பதில் உண்டா? (கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, இது இரண்டு கேள்வி. பிரித்துக்கொள்ளாவிட்டால் விவாதம் சுற்றிச் சுற்றி வரும்.

முதலாவது தருக்கக் கேள்வி: "நல்ல, வல்ல கடவுள்" என்பதும் "தீமை உண்டு" என்பதும் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா? 1955இல் ஜே. எல். மாக்கி என்ற தத்துவவாதி முரண்பாடுதான் என்று கூர்மையாக எழுதினார். ஆல்வின் பிளான்டிங்கா 1970களில் கொடுத்த பதில்: சுதந்திரமாகத் தெரிந்தெடுக்கும் மனிதர்களைப் படைத்துவிட்டு, அவர்கள் தப்பே செய்யாதபடி பார்த்துக்கொள்வது வல்லமை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லாமல் இருக்கலாம். அப்படி ஒரு சாத்தியம் இருந்தாலே முரண்பாடு இல்லை. இந்தப் பதிலைத் தத்துவத் துறையில் விசுவாசம் இல்லாதவர்களிலும் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்தப் பதில் எட்டும் தூரத்தைத் தெரிந்துகொண்டு பேசு. கொலைக்கும் போருக்கும் அது பொருந்தும். பூகம்பத்துக்கு? 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். லிஸ்பன் நகரத்து ஆலயங்களில் ஜனங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் ஆடியது, பிறகு கடல் ஏறியது, பிறகு தீ. "இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது" என்று தத்துவவாதி லைப்னிட்ஸ் 1710இல் எழுதியிருந்த வாதம் அதற்குப் பிறகு பலருக்கு ஆட்டம்கண்டது. நம் பக்கத்தில் 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குப் போயிருந்த யாத்திரிகர்களும் அலையில் போனார்கள். சுமத்ராவிலிருந்து நம் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது, எச்சரிக்க இந்தியப் பெருங்கடலில் அமைப்பு இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007இல். ஆகவே செத்தவர்களின் கணக்கில் ஒரு பகுதி மனிதன் செய்யாமல் விட்டது. மீதிப் பகுதிக்கு விளக்கம் கேட்டால் கிறிஸ்தவன் கையில் முழு விளக்கம் இல்லை. இருப்பதுபோல் பேசினால் நண்பர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது கேள்வி: இப்படிப்பட்ட கடவுளை நம்பத் தகுமா? இங்கேதான் சிலுவை வருகிறது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அதை இயேசு சொல்கிறார். ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் பதின்வயதில் 1943 ஹாம்பர்க் குண்டுவீச்சில் சிக்கினார். பக்கத்தில் நின்ற நண்பன் செத்தான். போர்க்கைதி முகாமில் கிடைத்த வேதாகமத்தில் அவரை முதலில் பிடித்து நிறுத்தியவை 39ஆம் சங்கீதமும் மாற்குவில் வரும் அந்தக் கதறலும்தான். துன்பத்துக்குக் காரணம் சொல்லாமல், துன்பத்துக்குள் வந்த கடவுளைப் பற்றி அவர் பின்னாளில் எழுதினார். கிறிஸ்தவன் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் இந்தப் பக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். நிரூபணம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் ஒன்பது வயது மகனுக்கு டைப் 1 சர்க்கரை. "பெற்றோர் பாவத்தினால் வந்தது, விசுவாசித்து ஊசியை நிறுத்துங்கள்" என்று ஓர் ஊழியர் சொல்கிறார். அவன் அம்மா தடுமாறுகிறாள்.

பதில்: ஊசியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இதற்கு இரண்டாவது கருத்து தேவையில்லை. டைப் 1இல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. ஊசி நின்றால் ஒரு நாளுக்குள்ளேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறத் தொடங்கலாம். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு, வாயில் பழவாடை ஆகியவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பாவக் கணக்குக்கு யோவான் 9. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்டார்கள், இரண்டுமில்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் இல்லை என்கிறது லூக்கா 13:4. அந்த ஊழியர் விடாப்பிடியாக இருந்தால் 2 தீமோத்தேயு 4:20ஐக் காட்டுங்கள். பவுல் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் "வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார். அதில் யார் விசுவாசம் குறைந்தது? இனி அவர் வீட்டுக்கு வந்தால் வாசலோடு பேசி அனுப்பிவிடலாம்.

கேள்வி: "தாங்க முடியாததைத் தேவன் தரமாட்டார்" – வசனம் எங்கே?

பதில்: அப்படி ஒரு வசனம் இல்லை. 1 கொரிந்தியர் 10:13 பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. 2 கொரிந்தியர் 1:8இல் அதே பவுல், தன் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்து பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார்.

கேள்வி: வாலிபர் குழுவோடு துக்க வீடுகளுக்குப் போகிறோம். என்ன பேசுவது என்று தெரியாமல் ரோமர் 8:28 (தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனம்) வாசித்துவிட்டு வருகிறோம். சரியா?

பதில்: வசனம் சரி, நேரம் சரியில்லை. அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால் சிருஷ்டி தவிக்கிறது, நாம் தவிக்கிறோம், ஆவியானவரும் பெருமூச்சு விடுகிறார். அதையெல்லாம் தாண்டி வந்த பிறகு 28.

சொத்தையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்தது (2:13). வாயைத் திறந்ததும் கெட்டது. அவர்கள் பேசியது கேட்க அருமையாகத்தான் இருக்கும். கடைத் திறப்பு விழா அட்டைகளில் அச்சடிக்கிறோமே, "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்", அது அந்த நண்பர்களில் ஒருவனான பில்தாத் சொன்னது (8:7). மூன்று வசனம் முன்னால் அதே வாய், பத்துப் பிள்ளைகளைப் புதைத்த தகப்பனிடம் பிள்ளைகளின் பாவத்தைப் பற்றிப் பேசுகிறது. கடைசியில் கர்த்தர் கோபப்படுவது முறையிட்ட யோபுவின்மேல் அல்ல, தமக்காக வாதாடிய இந்த மூவர்மேல் (42:7). கடவுளுக்கு வக்கீலாகப் போகிறவர்கள் இந்த வசனத்தை ஒருமுறை வாசித்துவிட்டுக் கிளம்பலாம்.

இனி நடைமுறை. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அரைமணி போதும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், வீட்டார் அதற்குத்தான் ஏங்குவார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது யோபு தன்னைப் பற்றிச் சொன்னது, அவனிடம் போய் மற்றவர் சொன்னதல்ல. ஜெபம் இரண்டு நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம் செய்வது பலருக்கு வழக்கம், அதைத் தவிருங்கள். சாப்பாடு கொண்டுபோனால் திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொண்டுபோங்கள். மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறகு வாரிசுச் சான்றிதழ், வங்கி என்று வரிசை நீளும். அந்த வரிசையில் கூட நிற்க ஒருவரை ஏற்பாடு செய்தால், அது பத்து வசனத்துக்குச் சமம். நாற்பதாம் நாள் ஆராதனை முடிந்ததும் வீடு திடீரென்று காலியாகும். மூன்றாவது மாதம் போங்கள்.

கேள்வி: யோபுவுக்குக் கடைசியில் வேறு பிள்ளைகள் கிடைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? எனக்கு அந்த முடிவு உறுத்துகிறது.

பதில்: உறுத்த வேண்டியதுதான். எண்ணிப் பாருங்கள். ஆடு 7,000 இருந்தது 14,000 ஆகிறது, ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் அதே ஏழு மகன், மூன்று மகள், இரட்டிப்பு இல்லை. முந்தின பத்துப் பேரும் கணக்கிலிருந்து போகவில்லை, அதனால்தான் இரட்டிப்பு இல்லை என்று பழைய வாசகர்கள் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும், ஆனால் புத்தகம் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்ததை, அதாவது சாத்தான் அவனைச் சோதிக்க அனுமதி பெற்றதை, யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவும் இல்லை.

முழுதும் வாசிக்க நினைத்தால் நாளுக்கு மூன்று அதிகாரம், 14 நாள். பென்சிலால் பக்க ஓரத்தில் யார் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நண்பர்களின் வாதத்தைத் தேவவசனமாக எடுத்துக்கொள்வீர்கள். நண்பர்கள் மாறிமாறிப் பேசும் மூன்றாம் சுற்றில் பில்தாத் ஆறே வசனத்தில் முடித்துவிடுகிறான், இன்னொரு நண்பனான சோப்பார் பேசவே இல்லை. அவர்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது.

கேள்வி: எனக்கு இப்போது ஜெபிக்க வரவில்லை. ஆராதனையில் வாய் மட்டும் அசைகிறது. நடிக்கிறேனோ? கோவிலுக்குப் போவதை நிறுத்திவிடலாமா? சில நாள் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை.

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணம் வரும் நாளில் தனியாக இருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கேட்டபோது தூதன் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). மருத்துவரைப் பார்ப்பதும் அந்த வரிசையில் வருவதுதான்.

வாய் மட்டும் அசைவது நடிப்பு இல்லை. உங்களுக்காக மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் உட்கார்ந்திருங்கள். முழு ஆராதனை தாங்காவிட்டால் பின்வரிசையில், கதவுப் பக்கம். ஜெபம் ஒன்று வேண்டுமென்றால் மாற்கு 9:24இல் ஒரு தகப்பன் அழுதுகொண்டே சொன்னது போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி நம்பிக்கையோடு வந்த அவன் மகன் அன்றே குணமானான். இயேசு உயிர்த்ததை நம்பாத சீஷன் தோமாவும் எட்டு நாளுக்குப் பின்பு மற்றவர்களோடுதான் இருந்தான். யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை.